காசு கட்டிப் பார்த்த பெயர்

ஊருக்குள் தனக்கு எத்தனை பெயர் என்பதை ஒரு மனுஷி உயிரோடு இருக்கும்போது தெரிந்துகொள்ளக் கூடாது. அது செத்த வீட்டில், பாடையைத் தூக்கிய பிறகு, மற்றவர்கள் தேத்தண்ணி குடித்தபடி பேசிக்கொள்ள வேண்டிய விஷயம். எனக்கு அவசரம். ஐம்பது வயதிலேயே, நல்ல சுகத்தோடு, வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, காசு கட்டித் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் ஒரு போனால் வந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு வரை நான் பட்டன் போன்காரி. எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணக்கு டீச்சர். தினமும் மாத்தளையிலிருந்து பஸ்ஸில் மலை ஏறி இறங்குகிறவள். ஒரு நாள் காலை வளைவொன்றில் பஸ் சாய, மடியிலிருந்த போன் ஜன்னலால் பாய்ந்து தேயிலைக்குள் போய்விட்டது. நான் கத்தினேன். கண்டக்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இறங்கித் தேடுங்க டீச்சர், அடுத்த பஸ்ல வாங்க" என்றார். (அடுத்த பஸ் பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.) போனைத் தேயிலைக்கே விட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

அந்தச் சனிக்கிழமை மாத்தளை டவுனில் ஒரு கடையில் பெரிய கண்ணாடி போன் ஒன்று வாங்கினேன். கடைக்காரர் அதைத் துடைத்துக் கையில் வைத்து, "இது இப்ப வெறும் வீடு மிஸ். ஆப் போட்டாத்தான் ஆள் குடியிருக்கிற மாதிரி இருக்கும்" என்றார்.

பாடப்புத்தகத்தில் அதைச் செயலி என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரும் ஆப்பு என்பார்கள். அப்போதெல்லாம் நான் திருத்துவேன். இப்போது திருத்துவதில்லை. அவர்கள் சொன்னதுதான் சரி.

வெறும் வீட்டை நிரப்பும் வேலையை ஒரு சோதனை மண்டப மேற்பார்வையாளரின் கண்டிப்போடு தொடங்கினேன். என்னிடம் இருந்தது ஒரே விதி: காசு கேட்கிற ஆப் வேண்டாம். ஒரே வேலையைச் செய்ய ஒன்று இலவசமாகவும் இன்னொன்று காசுக்கும் இருந்தால், காசு கட்டுகிறவர் கணக்குத் தெரியாதவர் என்பது என் முடிவு. இதை ஆசிரியர் அறையில் உரக்கவும் சொன்னேன். பக்கத்து மேசை ரிஸ்வானா டீச்சர் அப்போதுதான் விடைத்தாள்களைப் படம் பிடித்து ஒழுங்காகக் கோர்க்கிற ஆப் ஒன்றுக்குக் காசு கட்டியிருந்தார். அவர் சண்டைக்கு வருகிற ஆளில்லை. "எனக்கு விளம்பரம் பாக்க நேரமில்ல டீச்சர், புள்ளைகள் பசியோட நிப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையை முடித்து வீட்டுக்குப் போனார். நான் அன்று மாலை வரை இலவச ஆப்போடு உட்கார்ந்திருந்தேன். அது ஒவ்வொரு விடைத்தாளின் நடுவிலும் தன் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தந்தது.

இலவசமாகக் கிடைத்ததையெல்லாம் போட்டேன். போனிலேயே டோர்ச் இருக்க, டோர்ச் ஆப் ஒன்று. வெளிச்சம் காட்டுவதற்கு அது என் சொந்தக்காரர்களின் நம்பர் எல்லாவற்றையும் பார்க்க அனுமதி கேட்டது. இருட்டில் விழுந்தால் அவர்களுக்குச் சொல்லி அனுப்புமாக்கும் என்று நினைத்து, சரி என்று அழுத்தினேன். பஞ்சாங்க ஆப் ஒன்று: ராகு காலம் எப்போது என்று பார்க்கப் போனால் முதலில் தலைமுடி எண்ணெய் விளம்பரம் ஓடும், அது முடிவதற்குள் ராகு காலம் தொடங்கிவிடும். விரலை வைத்தால் இதயத் துடிப்புச் சொல்கிற ஆப் ஒன்று. சும்மா கதிரைக் கையில் வைத்துப் பார்த்தேன். கதிரைக்கும் நல்ல துடிப்பு இருந்தது. செடியைக் காட்டினால் பெயர் சொல்கிற ஆப், என் வீட்டு மிளகுக் கொடியை வெற்றிலை என்றது. மாத்தளையில் வைத்து மிளகை வெற்றிலை என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். பஸ் நேரம் சொல்கிற ஆப்பில் எல்கடுவ என்று அடித்தேன். நடந்து போகச் சொன்னது.

எல்லாமே உள்ளே வருமுன் வாசலில் நின்று ஏதாவது அனுமதி கேட்டன. கமராவைப் பார்க்கலாமா, மைக்கைக் கேட்கலாமா, நம்பர்களைப் படிக்கலாமா? கோயிலில் திருநீறு வாங்குகிற மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டி, சரி, சரி என்று அழுத்தினேன். ஒரு மாதத்துக்குள் நான் ஆப் நிபுணர். நிபுணர் சும்மா இருக்க முடியுமா? குடும்பத்தின் பக்கம் திரும்பினேன்.

எனக்குத் தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி. அம்மா போன நேரம் இரண்டு பேரும் சின்னவர்கள். அப்பா கொஞ்ச நாளில் அம்மாவின் பின்னாலேயே போனார். எனக்கு அப்போதுதான் ஆசிரியர் நியமனம் வந்திருந்தது. மிச்சத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம், கஷ்டமான கணக்கில்லை. நான் கல்யாணம் செய்யவில்லை. தம்பி ரவி தம்புள்ளை மொத்தச் சந்தையில் மரக்கறிக் கடை போடுகிற அளவுக்கு வந்தான். தங்கை மாலினி மாத்தளையில் ஒரு கம்பனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறாள்; புருஷன் சுரேஷோடு உக்குவளையில் குடியிருக்கிறாள். ரவி பெண்சாதி வசந்தி நான் பார்த்த பெண் இல்லை. அவனே பார்த்தது. (அதனால் நான் அவளிடம் குறை எதுவும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். தேடினால் கிடைக்கும்தானே.)

மாலினிதான் என் உயிர். ஆனால் அவளிடம் ஒரு குறை இருந்தது. போன் எடுக்க மாட்டாள். நான் கோல் எடுத்தால் அவள் போன் அடித்து அடித்து ஓயும். பிறகு எப்போதாவது அவளே எடுத்து, "பேக்ல கெடந்துச்சுக்கா, கேக்கல" என்பாள். பாவம், வேலைக்குப் போகிற பிள்ளை, பையோ பெரிய பை, என்று நான் நினைப்பேன்.

இதற்கு ஒரு ஆப் இருந்தது. இலவசம். யார் கோல் எடுக்கிறார்களோ அவர்களின் பெயரைப் போனே சத்தமாகச் சொல்லும். பைக்குள் கிடந்தாலும் கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்குவளைக்குப் போய் அதை மாலினியின் போனில் நானே போட்டுக் கொடுத்தேன். கூடவே இன்னொன்றும் போட்டேன்: தெரியாத நம்பரிலிருந்து கோல் வந்தால் அது யார் என்று பெயர் காட்டுகிற ஆப். இரண்டும் நம்பர் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்டன. சரி, சரி. மாலினி என் தோளுக்குப் பின்னாலேயே நின்றாள். "கொடுங்கக்கா, நான் போட்டுக்கிறேன்" என்று இரண்டு மூன்று தரம் கையை நீட்டினாள். அக்காவைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது.

என் போனிலும் இருந்த அந்தப் பெயர் காட்டும் ஆப்தான் என் வீட்டுக் கதிரையில் வைத்து என்னைப் பிடித்தது.

அதில் நம்முடைய சொந்த நம்பரையும் அடித்துப் பார்க்கலாம். மற்றவர்கள் தங்கள் போனில் நம்மை என்ன பெயரில் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று காட்டும். அடித்தேன். முதல் மூன்று பெயர்கள் வந்தன: சிவகாமி டீச்சர். சிவகாமி மிஸ் மெத்ஸ். பெரியக்கா. எனக்குச் சந்தோஷம். ஒரு ஆயுள் முழுக்க உழைத்ததன் பெறுபேறு மாதிரி இருந்தது. அதற்குக் கீழே இன்னும் பல பெயர்கள், பனிமூட்டத்துக்குள் நிற்கிற மாதிரி மங்கலாக. அவற்றைப் பார்க்கக் காசு கட்ட வேண்டுமாம்.

இலவசம் என்ற என் ஒரே விதி அன்று போனது. டோர்ச்சுக்குக் கட்டாதவள், விடைத்தாளுக்குக் கட்டாதவள், பனிமூட்டத்துக்குள் என்ன பெயர் நிற்கிறது என்று பார்ப்பதற்குச் சம்பளக் கார்டை எடுத்துக் கட்டினேன். எல்லாம் ஆசைதான். மூன்று பேர் நல்லது சொன்னால் நாலாவது ஆள் என்ன சொல்கிறார் என்று கேட்கிற ஆசை.

பனி விலகியது.

பிரம்பு மிஸ். சரி, அது பழைய மாணவன் எவனாவது. காஸ் சிவகாமி ரெண்டாவது ஒழுங்கை. காஸ் சிலிண்டர் கடைக்காரர், தெருவையும் சேர்த்து. பிளவுஸ் ரண்டு மிஸ். ரண்டு என்றால் சிங்களத்தில் சண்டை. டவுனில் எனக்கு ரவிக்கை தைக்கிற சிங்கள நோனா. (ஒரே ஒரு தரம்தான் சண்டை போட்டேன். அந்த ரவிக்கைக்குள் நான் போயிருக்கவே முடியாது.) ஹெட் ஒபிஸ். யாரோ நம்பர் மாறிப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கடைசியாக, இங்கிலீஷ் எழுத்தில் Edukathe என்று ஒரு தமிழ்ச் சொல்:

எடுக்காதே.

வேறொன்றுமில்லை. டீச்சர் இல்லை, மிஸ் இல்லை, அக்கா இல்லை. எடுக்காதே.

முதலில் சிரித்தேன். பிறகு தேத்தண்ணி போட்டேன். பிறகு அதைக் குடிக்காமல் வைத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தேன். யார் போட்ட பெயர் என்று அந்த ஆப் சொல்லாது. அதற்கு மேல் காசு கட்டவும் வழியில்லை, இருந்திருந்தால் கட்டியிருப்பேன்.

அடுத்த இரண்டு வாரம் நான் துப்பறிந்தேன். அதிபரின் பக்கத்தில் நின்றுகொண்டு முந்தானைக்குள்ளால் அவருக்கு கோல் எடுத்து, அவர் போனை எட்டிப் பார்த்தேன். "என்ன டீச்சர், பக்கத்துல நின்னுக்கிட்டே கோல் எடுக்கிறீங்க?" என்றார் அவர். வெறும் சிவகாமி டீச்சர்தான் அதில். ரிஸ்வானா டீச்சரின் போனில் 'சிவகாமி டீச்சர் நல்லவங்க' என்று இருந்தது. அவருக்கு இன்னொரு சிவகாமி டீச்சரையும் தெரியுமாம். அந்த அடைமொழி யாரை யாரிடமிருந்து பிரிப்பதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியாட்கள் ஒவ்வொருவராகக் கழிய, சந்தேகம் முழுவதும் ஓரிடத்தில் போய்க் குந்தியது. வசந்தி. வேறு யார்? அதிகம் பேசாதவள். பேசாதவர்கள்தானே எழுதி வைப்பார்கள்.

ரவி நாலந்தாவில், மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, புது வீடு கட்டியிருந்தான். அந்த மாதம் பால் காய்ச்சினார்கள். நல்ல நேரம் காலையில். மாலினியும் சுரேஷும் முதல் நாளே போய்விட்டார்கள். நான் விடிய பஸ் பிடித்துப் போய் இறங்கினேன். வாசலில் மாவிலைத் தோரணம், ஹோலில் தம்புள்ளைச் சந்தைக்காரர்கள், லொறிக்காரர்கள், வசந்தியின் அப்பா, அக்கம்பக்கத்துச் சனம். ஒரு மூலையில் உயரமான ஸ்பீக்கர் ஒன்று பக்திப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது.

"பாட்டு நம்ம மாலினி போன்லருந்துதாங்கா வருது, வயரே இல்ல" என்று ரவி பெருமையாகச் சொன்னான். போன் சாமியறை வாசலில் சார்ஜில் கிடந்தது.

பால் பொங்கியது. எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், ஆனால் மனசு சாமியிடம் இல்லை. வசந்தி குசினிக்குள் போக, பின்னாலேயே போனேன். அவள் கத்தரிக்காய்ச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவும் இரண்டு பெண்களும் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வகுப்பறையில் கேட்கிற குரலில், எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"வசந்தி, ஒன் போன்ல என் பேர் என்ன?"

"என்ன அண்ணி?"

"எடுக்காதேன்னு போட்டு வெச்சிருக்கியா இல்லையா? மறைக்காத. எனக்கு எல்லாம் தெரியும், காசு கட்டிப் பாத்தாச்சு."

தேங்காய்த் துருவல் நின்றது. வசந்தி அடுப்பைக் குறைத்தாள். கையைத் துடைத்து, சுவர்த் தட்டிலிருந்து தன் போனை எடுத்து எனக்கு முன்னால் மேசையில் வைத்தாள்.

"கோல் எடுங்க அண்ணி."

எடுத்தேன். அவளுடைய போன் வெளிச்சம் போட்டு, தமிழ் எழுத்தில் காட்டியது: அண்ணி. பக்கத்தில் ஒரு சின்னத் தாமரைப் பூப் படம்.

அந்த நேரம் பார்த்து ரவி தண்ணீர்ச் செம்போடு உள்ளே வந்து, "என்னக்கா?" என்றான். அவன் போனிலாவது அக்கா என்று இருந்தால் என் மானம் கொஞ்சம் மீளும் என்று நினைத்து, அவனுக்கும் கோல் எடுத்தேன். அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து போன் துள்ளியது. அவன் மறைப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

ஹெட் ஒபிஸ்.

"அது... சந்தையில பொடியன்மார் சும்மா வெளையாட்டுக்கு..." என்றான் ரவி. வசந்தியின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

நான் வெளியே நடந்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் கட்டி முடித்த மிச்ச மணலும் கல்லும் குவிந்து கிடந்தன. அங்கே போய் நின்றேன். என் கைப்பை ஹோலுக்குள் இருந்தது. அதை எடுக்க அந்தச் சனத்துக்கு நடுவே மறுபடி போக என்னால் முடியாது. எனக்கென்று அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் இருந்தாள். அவளிடம் சொன்னால் பையை எடுத்துக்கொண்டு வருவாள், 'விடுங்கக்கா, அவங்க கெடக்கிறாங்க' என்பாள், பஸ் ஏற்றிவிடுவாள்.

மாலினிக்கு கோல் எடுத்தேன்.

ஜன்னலுக்குள்ளால் பாட்டு பட்டென்று நின்றது கேட்டது. ஒரு வினாடி அமைதி. பிறகு அந்த உயரமான ஸ்பீக்கரில், வீடு முழுக்க, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது:

"எடு கேத்தி... இஸ் கோலிங்."

யாருக்கும் விளங்கவில்லை. "யாரது கேத்தி?" என்று ஒரு லொறிக்காரர் கேட்பது கேட்டது. "மாலினி கம்பனில வெள்ளைக்காரியா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

"எடு கேத்தி... இஸ் கோலிங்."

மூன்றாவது தரம் வசந்தியின் அப்பாவுக்கு விளங்கிவிட்டது. நல்ல மனுஷர், காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகத்தான் பேசுவார். "எடுக்காதேன்னு சொல்லுதுப்பா! பூசை நேரத்துல போன் எடுக்கக் கூடாதுன்னு போனே சொல்லுது பாரு! இப்படி ஒண்ணு எனக்கும் வாங்கணும்!"

அந்த ஆப்பை அந்தப் போனில் போட்டது நான். பைக்குள் கிடந்தாலும் கேட்க வேண்டும் என்று சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்ததும் நான்.

ஆனால் இதெல்லாம் எனக்குப் பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் நான் காதில் வைத்திருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஜன்னலால் மாலினியைப் பார்த்தேன். அவள் சாமியறை வாசலுக்கு ஓடிப்போய்ப் போனைக் கையில் எடுத்தாள். திரையைப் பார்த்தாள். பழக்கதோஷம் என்றுதான் சொல்ல வேண்டும். எடுக்கவில்லை. சத்தத்தை மட்டும் நிறுத்தினாள். பாட்டு மறுபடி தொடங்கியது.

அடித்து அடித்து ஓயும் வரை நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே மணலுக்குப் பக்கத்தில் நின்றேன்.

அவள் வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கையில் என் பை இல்லை.

"உள்ள வாங்கக்கா. எல்லாரும் பாக்கிறாங்க."

"பேக்ல கெடந்துச்சா?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லாட்டியும் அக்கான்னு ஒரு சொல்லு போட்டிருக்கலாமே மாலினி. எடுக்காதே அக்கான்னு."

"ஒபிஸ்ல தெரியாம எடுத்துறக் கூடாதுன்னு போட்டேங்கா. வேற ஒண்ணும் நெனச்சு இல்ல."

"ஒபிஸ்ல மட்டுமா?"

அவள் மணலை ஒரு காலால் தள்ளினாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் அப்படி என் முகத்தைப் பார்த்துப் பேசியது அதற்கு முன்னால் எனக்கு ஞாபகமில்லை.

"சாப்பிட்டியான்னு தொடங்குவீங்க. என்ன சாப்பிட்டன்னு கேப்பீங்க. சொன்னா அதுல பிழை. அதுக்குப் பொறகு சுரேஷ் செய்றது பிழை. நான் வீடு வெச்சிருக்கிறது பிழை. அண்ணன் பிழை, அண்ணி பிழை. கடைசியா ஒன்ன வளத்தது நான்னு சொல்லிட்டுப் போன வெப்பீங்க. வெச்ச பொறகு எனக்கு ஒரு வேலையும் ஓடாதுக்கா. கூட்டினதையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கிட்டு இருப்பேன்."

"வளத்தது நான்தானே?"

"இல்லன்னு யாரு சொன்னா? அத எத்தன தரம் எடுத்துக் கேக்கிறது?"

என் பையை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். அவள் போனாள்.

பையைக் கொண்டு வந்தது வசந்தி. இன்னொரு கையில் வாழையிலையில் கட்டிய சாப்பாட்டுப் பார்சல்.

"சாப்பிடாமப் போகாதீங்க அண்ணி. பால் பொங்கின வீடு, வீட்டுக்கு ஆகாது."

பிரியத்தில் சொல்லவில்லை, வீட்டுக்காகத்தான் சொன்னாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது, அது நியாயமான கோபம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. நின்று, அவளைப் பார்த்து, வாயையும் திறந்தேன். "கத்தரிக்காய்க்கு உப்புப் பாத்துப் போட்டியா?" என்று வந்தது.

வசந்தி பையையும் பார்சலையும் என் கையில் வைத்தாள். "போட்டேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தம்புள்ளையிலிருந்து வருகிற பஸ்கள் எல்லாம் நிரம்பி வந்தன. கடைசியில் ஒன்றில் பின் சீட் கிடைத்தது. பார்சல் மடியில் சுட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. மாலினி அந்தப் பெயரைத் தன் போனுக்குள்தான் வைத்திருந்தாள். ஒருவருக்கும் காட்டவில்லை, எனக்குக் காட்ட அவளுக்கு எந்த எண்ணமும் இருக்கவில்லை. உக்குவளையில் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போட்டுக் கொடுத்த ஆப், நான் அழுத்திய சரியால், அவள் போனிலிருந்த எல்லா நம்பரையும் எல்லாப் பெயரையும் அள்ளிக்கொண்டு போனது. அதைத்தான் திரும்ப எனக்கே விற்றார்கள். அவள் கையிலிருந்து நானே பிடுங்கிச் சும்மா கொடுத்ததை நானே காசு கட்டி வாங்கியிருக்கிறேன். இருபத்தைந்து வருஷமாகக் கணக்குப் படிப்பிக்கிறவள்.

பஸ்ஸிலேயே ஆப்களை அழிக்கத் தொடங்கினேன். பெயர் காட்டியது, துடிப்புச் சொன்னது, மிளகு தெரியாதது, நடந்து போகச் சொன்னது. எல்லாம் பேசாமல் போயின. டோர்ச் மட்டும் போக முன்னால் ஒரு வரி காட்டியது: நீங்கள் எங்களை விட்டுப் போவது எங்களுக்குக் கவலை, காரணத்தைச் சொல்வீர்களா? நான் போவதற்கு அன்று கவலைப்பட்டது அது ஒன்றுதான். பக்கத்து சீட் மனுஷி பார்க்கும்படி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன். (பார்க்காதபடி என்று எழுதத்தான் நினைத்தேன். உண்மை இதுதான்.)

வீட்டுக்கு வந்து பார்சலைப் பிரித்தேன். கத்தரிக்காயில் உப்பு அளவாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் யாருக்கும் கோல் எடுக்கவில்லை. அவர்கள் எடுப்பார்கள் என்று பார்த்தேன். ரவி எடுத்தான், நல்ல நாட்களில். வசந்தி ஒரு தரம் எடுத்து, மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறது, ஆள் வந்தால் கொடுத்து அனுப்பவா என்று கேட்டாள். மாலினி வாரத்துக்கு ஒரு தரம் எடுத்தாள், ஒரே நாளில், ஒரே நேரத்தில், மாதாந்தக் கட்டணம் கட்டுகிற மாதிரி. நானும் சாப்பிட்டியா என்று கேட்பதோடு நிறுத்தப் பழகிக்கொண்டேன். என்ன சாப்பிட்டாய் என்று கேட்க நாக்குத் துடிக்கும். கடித்துக்கொள்வேன். சில கிழமைகளில் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றுமே இருக்காது. அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆனால் குடும்பம் அந்தக் கதையை விடவில்லை. முதலில் சொன்னது சுரேஷ். அடுத்த தீபாவளிக்கு நான் உக்குவளை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து மரியாதையான இங்கிலீஷ் குரலில், "எடு கேத்தி இஸ் கமிங்" என்றார். நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? அன்றோடு அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. இப்போது தம்புள்ளைச் சந்தையில் லொறிக்காரர்களுக்குக்கூட நான் கேத்தி அக்கா. ரவியின் பிள்ளைகள் கேத்தி அத்தை என்றே கூப்பிடுகிறார்கள். சின்னவன் அதுதான் என் பெயர் என்று நினைத்துப் பாடசாலைக் கொப்பியில் குடும்ப மரத்தில் எழுதியும் வைத்தான். வசந்தியின் அப்பாவுக்கு இன்னும் முழுக் கதை தெரியாது. பார்க்கிற நேரமெல்லாம், பூசை நேரத்தில் எச்சரிக்கிற அந்தப் போன் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்பார்.

புதிதாக யாராவது சம்பந்தக்காரர் சாப்பிட வந்தால், ரவி இலை போடுவதற்கு முன்னாலேயே கதையைத் தொடங்கிவிடுவான். மணல் குவியல் வரும். ஸ்பீக்கர் வரும். வெள்ளைக்காரக் குரலை சுரேஷ் பேசுவார். கத்தரிக்காயையும் உப்பையும் வசந்தியே சொல்லுவாள், அவ்வளவு அழகாக, என் குரலிலேயே. மேசை குலுங்கும். நானும் சிரிப்பேன். உண்மையிலேயே சிரிப்பு வரும்.

மாலினி மட்டும் சிரிக்க மாட்டாள். கதை அவளுடைய போனுக்கு வரும்போது மெதுவாக எழும்பிப் போய்ச் சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து, என் பக்கத்தில் நின்று, கேட்காமலே இன்னொரு கரண்டி வைப்பாள். எனக்கு வயிறு நிறைந்திருக்கும். நான் போதும் என்று சொல்வதில்லை.